பெண்டிங் என்றால் யார் கையில் இருக்கிறது?

போன ஜூன் மாதம் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், எங்கள் இ-சேவை மையத்துக்கு ஒரு அக்கா வந்தார். மகளுக்குக் கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பிக்க வருமானச் சான்று வேண்டும். விண்ணப்பம் வேறு ஒரு மையத்தில் போட்டது. நான்காக மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட ஒப்புகைச் சீட்டை நீட்டினார்.

"பன்னெண்டு நாளா பெண்டிங் பெண்டிங்னே சொல்றாங்க தம்பி. பெண்டிங்னா ஆயிடுச்சா, ஆகலையா?"

எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பெண்டிங் என்றுதான் காட்டியது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு குறிப்பு இருந்தது: ரேஷன் கார்டு நகல் தெளிவாக இல்லை, மறுபடி ஏற்றவும். குறிப்பு போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் அக்கா ஆபீசுக்காகக் காத்திருந்தார். ஆபீஸ் அக்காவுக்காகக் காத்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சொல்லைத்தான் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றி ஒரு முறை உட்கார்ந்து விளக்கமாக எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் புழங்கும் ஆங்கிலச் சொல் இது. "அந்த வேலை பெண்டிங்", "வாடகை ரெண்டு மாசம் பெண்டிங்", "பெண்டிங்ல போட்டுட்டான்" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஆனால் திரையில் அந்தச் சொல் வந்து நிற்கும்போது அதற்கு என்ன பொருள், நாம் ஏதாவது செய்ய வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பொதுவாக நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் "முடியாதது". அது பாதிதான் சரி. பெண்டிங் என்றால் தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை, முடிவதற்கு ஏதோ ஒன்று நடந்தாக வேண்டும், அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. காத்திருப்புதான் அந்தச் சொல்லின் உயிர். காத்திருப்பு இல்லாத இடத்தில் பெண்டிங் என்று சொல்வதே பொருந்தாது.

கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். 8-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். விமானத்தின் உச்சியில் சிற்பங்கள் அப்படியே உயிரோடு நிற்கின்றன. கீழே வர வர உளி பட்ட தடம் மட்டும், அடிப்பகுதி வெறும் பாறை. அந்த வேலை முடியவில்லை. ஆனால் அதை யாரும் பெண்டிங் என்று சொல்ல மாட்டார்கள். மீதியைச் செதுக்க ஒரு சிற்பி வருவார் என்று யாரும் காத்திருக்கவில்லை. அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு, அன்ஃபினிஷ்டு என்பார்கள். நம் தெருவில் பணம் கிடைக்காமல் பாதியில் நிற்கும் வீடும் அன்ஃபினிஷ்டுதான். அதே வீட்டுக்காரர் மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு லைன்மேன் வருவதை எதிர்பார்த்திருந்தால், அந்த இணைப்பு பெண்டிங்.

அடுத்தது இன்கம்ப்ளீட். விண்ணப்பத்தில் ஏதோ ஒன்று குறைகிறது, கையெழுத்தோ படமோ நகலோ இல்லை என்று அர்த்தம். அந்த அக்காவின் விண்ணப்பம் உண்மையில் இந்த வகை. திரையில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் ஒன்பது நாள் வீணாகியிருக்காது. ஓவர்டியூ என்றால் கெடு தாண்டிவிட்டது. வாடகை 5-ம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், இன்று 3-ம் தேதி என்றால் அது பெண்டிங். 6-ம் தேதி ஆகிவிட்டால் ஓவர்டியூ. பேச்சில் இதை எல்லாம் நாம் பெண்டிங் என்ற ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும். காகிதத்தில் வந்தால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கல்லூரிப் பிள்ளைகள் சொல்லும் அரியர் இன்னொரு கதை. "மூணு பேப்பர் பெண்டிங்" என்றும் சொல்வார்கள், "மூணு அரியர்" என்றும் சொல்வார்கள். அரியர் என்றால் ரிசல்ட் வந்துவிட்டது, தேறவில்லை, மறுபடி எழுத வேண்டும். பழைய பிரெஞ்சு மொழியில் 'பின்னால்' என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. அதனால்தான் பின்தங்கிய பேப்பரும் அரியர், பின்னால் வந்து சேரும் சம்பளப் பாக்கியும் அரியர்ஸ். ஒன்று வந்தால் அழுகை, இன்னொன்று வந்தால் பிரியாணி.

இனி பெண்டிங் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் 'தொங்கு' என்று பொருள்படும் ஒரு வினை, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பெண்டன்ட், சுவர்க் கடிகாரத்தில் ஆடும் பெண்டுலம், ஒருவரை நம்பித் தொங்கும் டிபெண்டன்ட், வேலையிலிருந்து தொங்கவிடப்படும் சஸ்பெண்ட் எல்லாம் ஒரே குடும்பம். பென்ஷனும் இவர்களுக்குச் சொந்தக்காரர்தான். தராசைத் தொங்கவிட்டு எடை போட்டுப் பணம் கொடுத்த காலத்தில், எடை போடுவதற்கும் கொடுப்பதற்கும் இதே வேரிலிருந்து சொல் பிறந்தது. "பென்ஷன் பெண்டிங்" என்று பெரியவர்கள் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பிறப்பால் அக்கா தங்கையான இரண்டு சொற்கள், ஒன்றை ஒன்று தடுத்துக்கொண்டு நிற்கின்றன.

தொங்குவது என்ற படம் நமக்கும் அந்நியமில்லை. "அந்தரத்தில் தொங்கவிட்டுட்டாங்க" என்று சொல்லாத வீடு உண்டா? மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவானில் நின்ற திரிசங்குவைவிட பெண்டிங்குக்கு நல்ல படம் எந்த மொழியிலும் இருக்காது என்பது என் எண்ணம். ஆனால் அலுவலகத் தமிழ் தேர்ந்தெடுத்த சொல் நிலுவை. நில் என்ற வேர். ஆங்கிலத்தில் தொங்குகிற கோப்பு தமிழில் நிற்கிறது. அது நிற்பதில் ஒரு நம்பிக்கை தெரிகிறது, பாருங்கள்; நிற்பது நடக்கலாம். கிடப்பில் போட்டால்தான் ஆபத்து. நிலுவையில் இருக்கும் கோப்பை யாரோ எடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு உண்டு. கிடப்பில் போட்ட கோப்பு படுத்துவிட்டது. "ஊறப்போட்டுட்டான்" என்றால் வேண்டுமென்றே தாமதிக்கிறான். இழுபறி என்றால் இரண்டு பக்கம் இழுக்கிறது. பாக்கி என்றால் பெரும்பாலும் பணம். பேச்சுத் தமிழில் இத்தனை வகை இருக்கும்போது எல்லாவற்றுக்கும் பெண்டிங் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதுதான் எனக்கு வருத்தம். கோப்பு ஊறுகிறதா, நிற்கிறதா, படுத்துவிட்டதா என்பதைச் சொல்லும் வசதியை நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

சரி, ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்படி வருகிறது என்பதற்கு வருவோம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெண்டிங் என்ற சொல் வாக்கியத்தில் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஒரு பொருளின் நிலையைச் சொல்வது. பெண்டிங் கேஸ் என்றால் நிலுவையில் உள்ள வழக்கு. கேஸ் இஸ் பெண்டிங் என்றாலும் அதுவே. இரண்டாவது வேலை, 'அது நடக்கும் வரை' என்று சொல்வது. பெண்டிங் என்கொயரி என்றால் விசாரணை முடியும் வரை. பெண்டிங் அப்ரூவல் என்றால் ஒப்புதல் வரும் வரை. முதல் வகையில் பக்கத்தில் வரும் சொல் காத்திருக்கும் பொருள். இரண்டாம் வகையில் பக்கத்தில் வரும் சொல் எதற்காகக் காத்திருக்கிறோமோ அது. பெண்டிங் அப்ளிகேஷன், பெண்டிங் அப்ரூவல் இரண்டும் பார்க்க ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். முதலாவதில் விண்ணப்பம் நிற்கிறது. இரண்டாவதில் விண்ணப்பம் நிற்பதற்குக் காரணம் ஒப்புதல்.

இணையத்தில் பொருள் வாங்குபவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆர்டருக்குக் கீழே பெண்டிங் பேமென்ட் என்று வந்தால் பெரும்பாலும் "நீங்கள் பணம் கட்டும் வரை ஆர்டர் நகராது" என்று பொருள். பேமென்ட் பெண்டிங் என்று வந்தால் "கட்டிய பணம் இன்னும் உறுதியாகவில்லை" என்பதாகவும் இருக்கலாம். முதலாவதில் நாம் செயல்பட வேண்டும், இரண்டாவதில் பொறுக்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் இந்த வேறுபாட்டை ஒழுங்காகக் காப்பதில்லை. அதனால் சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

யுபிஐ-யில் வரும் பெண்டிங் இந்த இரண்டாம் ரகம். கடையில் நின்று ஸ்கேன் செய்கிறோம், மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம் சுற்றுகிறது, பெண்டிங் என்கிறது. கடைக்காரர் வரவில்லை என்கிறார். பின்னால் வரிசை. அவசரத்தில் மறுபடி அனுப்பிவிடுகிறோம், பத்து நிமிடத்தில் இரண்டும் போய்ச் சேர்கிறது. அது தோல்வி என்று சொல்லவில்லை, முடிவு தெரியவில்லை என்றுதான் சொன்னது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராமல் போனால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பியது என்றால் 5 நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு, ஏனென்றால் பெண்டிங் என்றால் காலவரையின்றிக் காத்திருக்க வேண்டும் என்றே பழகிவிட்டோம். பல பெண்டிங்குகளுக்குக் கடைசித் தேதி உண்டு.

வருமான வரிக் கணக்கில் நேர் எதிராக நடக்கும். கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் இ-வெரிஃபிகேஷன் பெண்டிங் என்று இருக்கும். துறை சரிபார்க்கிறது போலிருக்கிறது என்று நினைப்பார்கள். சரிபார்க்க வேண்டியது நாம்தான். ஆதாருக்கு வரும் ஓடிபி-யைப் போட்டு "ஆம், இது என் கணக்கு" என்று உறுதி சொல்ல வேண்டும். அதற்கு 30 நாள். தாண்டிவிட்டால், உறுதி சொன்ன நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள், அது கடைசித் தேதிக்குப் பிறகு விழுந்தால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும். எங்கள் மையத்தில் கணக்குத் தாக்கல் செய்பவர்களை ஓடிபி போடாமல் நான் எழுந்திருக்க விடுவதில்லை.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு எடை மிக அதிகம். "என்கொயரி பெண்டிங்ல சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்று யாராவது சொன்னால், வேலை போய்விட்டது என்று பக்கத்து வீடு முடிவு கட்டிவிடும். அப்படி இல்லை. குற்றச்சாட்டு விசாரணையில் இருக்கிறது, அது முடியும் வரை அவரைப் பணியிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். அரசு ஊழியர் என்றால் அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு. விசாரணையில் குற்றம் இல்லை என்றானால் திரும்பி வருவார்.

நிலம் வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெண்டிங் ஒன்று இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 52-வது பிரிவு. ஒரு சொத்தின் உரிமை பற்றி வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதை ஒருவர் விற்றால், வாங்கியவரை அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். எடுத்துக்காட்டாக, அண்ணன் தம்பி இருவருக்குள் பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் மொத்த இடத்தையும் உங்களுக்கு விற்கிறார். பத்திரம் பதிவாகிறது, நீங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். நான்கு வருடம் கழித்துப் பாதி தம்பிக்கு என்று தீர்ப்பு வருகிறது. "எனக்கு வழக்கே தெரியாது, நான் நல்லெண்ணத்தில் வாங்கினேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. அண்ணனுக்கு எவ்வளவு கிடைத்ததோ அதற்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது. வழக்கு எப்போது நிலுவைக்கு வருகிறது என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது: மனு தாக்கலான நாளில் தொடங்கி, இறுதித் தீர்ப்பு வந்து அது நிறைவேற்றப்படும் வரை. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்துவிட்டோம், முடிந்தது என்று சொல்பவரை அப்படியே நம்ப வேண்டாம். வில்லங்கச் சான்றில் இப்படிப்பட்ட வழக்கு தெரியாமலே போகலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு வழக்கும் பெண்டிங் அல்லது டிஸ்போஸ்டு என்று பிரிந்து இருக்கும். டிஸ்போஸ்டு என்றால் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடித்துவைக்கப்பட்டது என்றுதான் பொருள். பழைய கோர்ட் தமிழில் பைசல்.

நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் பின்னால் பெண்டிங் என்றால் ஆயிடுச்சா ஆகலையா என்று கேட்கும் ஒருவர் இருப்பார் என்று நினைத்தால் அந்த எண் வேறு மாதிரித் தெரியும்.

காத்திருப்பு அறுந்துபோனால் பெண்டிங் என்ற நிலையும் போய்விடும். நாடாளுமன்றத்தில் இது கண்முன்னே நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா 2008-ல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, 2010 மார்ச் 9-ம் தேதி அங்கே நிறைவேறியது. பிறகு மக்களவையில் நிலுவை. அரசியல் சட்டத்தின் 107-வது பிரிவுப்படி, மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதா, அந்த அவை கலைந்தால் காலாவதியாகிவிடும். 2014-ல் அவை கலைந்தது, மசோதாவும் போயிற்று. 2023-ல் புதிதாகத் தொடங்கித்தான் சட்டமாக்க வேண்டியிருந்தது. ஆனால் மாநிலங்களவை கலைவதே இல்லை. அங்கே அறிமுகமாகி, மக்களவைக்கு இன்னும் போகாத மசோதாவுக்குச் சாவு கிடையாது. சிறு குடும்ப நெறி பற்றிய 79-வது அரசியல் சட்டத் திருத்த மசோதா 1992-ல் அங்கே வந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலுவைப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. ஒரே 107-வது பிரிவு, ஒரு பெண்டிங்கைக் கொல்கிறது, இன்னொன்றைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது.

பொருட்களின் மேல் பேட்டன்ட் பெண்டிங் என்று அச்சடித்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வழங்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். அரசாங்கமே தரச்சான்று கொடுத்தது போல விற்பனையாளர் பேசினால் நம்ப வேண்டியதில்லை.

கேட்க ஒரே மாதிரி இருக்கும் இம்பெண்டிங் வேறு சொல். தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்கிறோமே, அதே படம். சீக்கிரம் வந்து விழப்போகிறது, பெரும்பாலும் கெட்டது. வேலையைப் பற்றிச் சொல்லும்போது இந்த 'இம்' ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரையிலோ கடிதத்திலோ பெண்டிங் என்று பார்த்தால் நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது இதுதான்: யார் கையில் இருக்கிறது, என்ன நடந்தால் அங்கிருந்து நகரும் என்று கேளுங்கள். வருமானச் சான்று என்றால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று போகும். இந்த மூவரில் யாரிடம் நிற்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். "பெண்டிங்ல இருக்குங்க" என்பது பதில் ஆகாது, நாம் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வது. வாயால் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு தாளில் எழுதலாம்: "இன்ன தேதியில் நான் கொடுத்த, இன்ன எண்ணுள்ள விண்ணப்பத்தின் மீது எந்தெந்த அலுவலர் எந்தெந்த நாளில் என்ன நடவடிக்கை எடுத்தார் என்ற விவரத்தை நாள்வாரியாகத் தரவும்." 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். நாள்வாரியாக என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்; அது இருந்தால் நிலுவையில் உள்ளது என்று ஒரே வரியில் எழுதி அனுப்புவது கடினம்.

அந்த அக்காவின் ரேஷன் கார்டை வாங்கி ஸ்கேன் செய்து ஏற்றினேன். முன்பு ஏற்றியிருந்த படத்தில் பிளாஸ்டிக் உறையின் மினுமினுப்பு விழுந்து குடும்பத் தலைவர் பெயர் மறைந்திருந்தது. உறையைக் கழற்றியதும் பளிச்சென்று வந்தது. ஏற்றிய பிறகும் திரை பெண்டிங் என்றே காட்டியது.

"இப்பவும் அதே தானே தம்பி போட்டிருக்கு" என்றார்.

"ஆமாக்கா. ஆனா இப்போ உங்ககிட்ட இல்ல, அவங்ககிட்ட இருக்கு" என்றேன்.

நான்காம் நாள் மகளே வந்து சான்றைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனாள்.